சாவி கொடுத்த எட்டாம் மாதம்

புஞ்சாக் ஆலாமில் ஓர் இரட்டை மாடி வீட்டின் முன்கதவைத் திறந்து, பார்க்க வந்த தம்பதியை உஷாராணி உள்ளே விட்ட நேரத்தில்தான் துளசியின் அழைப்பு வந்தது. வீடு காட்டும்போது அவள் தொலைபேசியை எடுப்பதில்லை. கதவைத் தாண்டிய முதல் ஐந்து நிமிடத்தில்தான் மனிதர்கள் ஒரு வீட்டை வாங்குவதா வேண்டாமா என்று தீர்மானிக்கிறார்கள் என்பது பன்னிரண்டு வருட ஏஜெண்டு வேலையில் அவள் கண்டது. அந்த ஐந்து நிமிடமும் அவள் முகத்தில் வேறு யோசனை தெரியக் கூடாது. ஆனால் துளசி விடாமல் மூன்று முறை அழைத்தாள். அப்படி அழைக்கிற பெண் இல்லை அவள். தம்பதியை மாடிக்கு அனுப்பிவிட்டு உஷாராணி வாசலில் வந்து நின்று எடுத்தாள்.

கோலா சிலாங்கூரில், வரிசை வீடுகள் கொண்ட ஒரு தாமானில் முனை வீட்டைத் துளசிக்கும் அவள் கணவன் புனிதனுக்கும் வாங்கிக் கொடுத்தது உஷாராணிதான். எட்டு மாதம் ஆகியிருந்தது. இஜோக் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, கல்யாணத்துக்குப் பிறகும் அதே லயத்தில் இருந்தவர்கள். சொந்தமாக வாங்கிய முதல் வீடு அது. புனிதன் லோரி ஓட்டுகிறான். துளசி இரண்டு தொழிற்சாலைகளுக்குக் காலைச் சாப்பாடு சமைத்துக் கொடுக்கிறாள். நாசி லெமாக், மீ கோரேங், வெள்ளிக்கிழமை இட்லி. தாமான் முழுக்கத் தேடி அந்த வீட்டைத்தான் வேண்டும் என்று அவள் நின்றதற்குக் காரணம், பழைய சொந்தக்காரர் பின்னால் கட்டியிருந்த பெரிய சமையலறை.

அந்தச் சமையலறையை இடிக்கச் சொல்லி நகராண்மைக் கழகத்திலிருந்து கடிதம் வந்திருப்பதாகத் துளசி சொன்னாள். முன்கேட்டில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். முப்பது நாள் தவணை. அனுமதி வாங்காமல் கட்டியது என்று எழுதியிருக்கிறது. அழவில்லை, கத்தவில்லை, அடுப்பில் ஏதோ வைத்துவிட்டுப் பேசுகிறவள் மாதிரி மளமளவென்று சொல்லி முடித்தாள். மதியம் ஒரு மணிக்குள் அங்கே இருப்பேன் என்று உஷாராணி சொன்னாள்.

மாடியிலிருந்து இறங்கிய தம்பதி, பின்பக்கம் கட்டியிருக்கிற அறைக்கு அனுமதி இருக்கிறதா என்று கேட்டார்கள். எல்லோரும் கேட்கிற கேள்விதான். வழக்கமாக உஷாராணியின் பதில் நாக்கு நுனியில் இருக்கும். அன்று அவள் தெரியாது என்றும், விசாரித்துக் கையில் காகிதத்தோடு சொல்கிறேன் என்றும் சொன்னாள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு விடைபெற்றார்கள்.

துளசியின் சமையலறை கழுவித் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. மூன்று பெரிய கேஸ் அடுப்பு, சுவரோடு சுவராக எஃகு மேசை, மூலையில் அரிசி மூட்டைகள். கூரையில் தகரம். துளசி கடிதத்தை நீட்டினாள். உஷாராணி இரண்டு முறை படித்தாள். கட்டடத்தின் அளவு, வீட்டு எண், சட்டப் பிரிவு எல்லாம் சரியாக இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

அதன் பிறகு துளசி தன் தொலைபேசியை எடுத்துத் திரையை மேலே தள்ளிக்கொண்டே போனாள். எட்டு மாதத்துக்கு முந்தைய ஒரு செய்தியில் விரல் நின்றது. உஷாராணி அனுப்பியது. "பின்னால கட்டின கிச்சனுக்கு அனுமதி இருக்கு. கவலை வேணாம்." பக்கத்தில் கட்டைவிரல் தூக்கிய படம்.

"நான் உங்கள குத்தம் சொல்லலக்கா," என்றாள் துளசி. "இத காட்டினா கவுன்சில்ல ஏத்துப்பாங்களான்னு கேக்கத்தான்."

ஏற்க மாட்டார்கள் என்று உஷாராணி சொன்னாள். அந்தச் செய்தியை அனுப்பிய நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. பழைய சொந்தக்காரரிடம் தொலைபேசியில் கேட்டாள். பிளான் எல்லாம் பாஸ் ஆகிவிட்டது என்று அவர் சொன்னார். காகிதத்தைக் காட்டுங்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டு, அவர் இழுத்தடித்து, விற்பனை தள்ளிப்போவதை அவள் விரும்பவில்லை. அவர் இப்போது ஜொகூரில் இருந்தார். துளசி கூப்பிட்டால் எடுப்பதில்லை.

பிளான் போட்டு, அனுமதி கேட்டு, இதைச் சரிசெய்ய வழி இருக்கும் என்று உஷாராணி சொன்னாள். எப்படி என்று அவளுக்கே அப்போது முழுதாகத் தெரியாது. ஆனால் வழி தெரியாத இடத்தில் முதலில் காலை எடுத்து வைத்துவிட்டு அப்புறம் யோசிப்பதுதான் அவள் சுபாவம். இடிக்க யார் வந்தாலும் தன்னைக் கூப்பிடச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அலுவலகம் பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால், மாடியில். முதலாளி கணேஸ்வரன் மோசமான மனிதர் இல்லை. எதிலும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று நினைக்கிறவர், அவ்வளவுதான். உஷாராணி சொன்னதைக் கேட்டு, கோப்பு எண்ணைக் கேட்டு, கணினியில் தட்டிப் பார்த்தார். பணம் கைமாறியது, பெயர் மாறியது, சாவி கொடுத்தது எல்லாம் முடிந்து எட்டு மாதம். வீட்டில் இப்போது என்ன நடந்தாலும் அது வாங்கினவருக்கும் கவுன்சிலுக்கும் இடையில் உள்ள விஷயம் என்றார். வேண்டுமானால் ஒரு நல்ல லோயரின் எண்ணைக் கொடு, நீ போகாதே என்றார்.

"நீ போய் நின்னா, நாமதான் தப்பு பண்ணினோம்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும் உஷா."

"நான் தப்பு பண்ணினேன் பாஸ்," என்றாள் அவள். "அத ஒத்துக்கத்தான் போறேன்."

அவர் நாற்காலியில் சாய்ந்து மேலே சுழலும் காற்றாடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். செலவு ஏதும் வந்தால் தன் அடுத்த கமிஷனில் பிடித்துக்கொள்ளலாம் என்று உஷாராணி சொன்னாள். பேச்சு அதோடு முடிந்தது. அவர் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அதை அனுமதி என்று எடுத்துக்கொள்வது அவளுக்குப் பழக்கம்.

மறுநாள் காலை கவுன்சில் முகப்பில் கண்ணாடி போட்ட ஒரு மலாய்ப் பெண் அதிகாரி பொறுமையாக எல்லாம் விளக்கினார். கட்டியதை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் பதிவு பெற்ற ஒருவரைக் கொண்டு பிளான் போட்டு, விதிக்கு மீறிய பகுதியைத் திருத்தி, விண்ணப்பம் கொடுத்தால் பரிசீலிப்பார்கள். விண்ணப்பம் உள்ளே வந்துவிட்டால் இடிக்கும் தவணையும் நிற்கும். ஒன்று மட்டும் கட்டாயம். பக்கத்து வீட்டுக்காரர் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். இந்த விஷயம் தொடங்கியதே ஒரு புகாரால்தான் என்று சொல்லிவிட்டு, புகார் கொடுத்தவர் பெயரைச் சொல்ல முடியாது என்று அவர் சிரித்தார்.

சொல்லத் தேவையில்லை. துளசியின் வீடு முனை வீடு. ஒரு பக்கம் சாலை, பின்னால் சந்து. சுவரைப் பகிர்கிற வீடு ஒன்றே ஒன்றுதான். அதில் அபுபக்கர் இருந்தார்.

அவரை உஷாராணிக்குத் தெரியும். சந்தையான பாசார் பக்கத்தில் நாற்பது வருடம் சாப்பாட்டுக் கடை நடத்திவிட்டு, இப்போது கடையை மகன் அஸ்ருலிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கிறவர். வீடு காட்டப் போன ஒவ்வொரு முறையும் வெள்ளைத் தொப்பியோடு கேட் அருகே நிற்பார். உஷாராணி ஒரு சலாம் வைத்து, ஒரு புன்னகை காட்டி, வாங்க வந்தவர்களைச் சட்டென்று உள்ளே கூட்டிக்கொண்டு போய்விடுவாள். வாயாடி அண்டைவீட்டார் கெடுத்த விற்பனைகள் அவள் அனுபவத்தில் நாலைந்து உண்டு.

அன்று மதியம் இரண்டரைக்கு அவர் கேட் மணியை அடித்தாள். திறந்தவர் அவரேதான்.

"வாம்மா," என்றார். "இப்பதான் இந்த வீடு கண்ணுக்குத் தெரிஞ்சுதா?"

உள்ளே கூடத்தில் உட்கார வைத்தார். அவர் மனைவி ஆமினா தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். உஷாராணி வந்த விஷயத்தைச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. கடிதம் வந்ததையும், அவர் கையெழுத்து வேண்டியிருப்பதையும், புகார் அவருடையது என்று தான் நினைப்பதையும் சொன்னாள்.

அபுபக்கர் மறுக்கவில்லை. மூன்று வருடமாகப் பழைய சொந்தக்காரரிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்ததாகச் சொன்னார். அவர் செய்கிறேன் செய்கிறேன் என்று சொல்லியே வீட்டை விற்றுவிட்டுப் போனார். புதிதாக வந்த பையனிடம் சொல்லலாம் என்றால் அவன் விடிவதற்குள் லோரியில் போய் இருட்டிய பிறகு வருகிறான். முகத்தைப் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்கிறான். வேறு வழி இல்லாமல்தான் எழுதிக் கொடுத்தேன் என்றார். பிறகு கொஞ்சம் முன்னால் சாய்ந்தார்.

"பதினோரு பேரைக் கூட்டிட்டு வந்தே. நான் எண்ணினேன். ஒவ்வொரு தடவையும் கேட் கிட்டதான் நின்னேன். 'பாய், பக்கத்துல இருக்கீங்களே, இந்த வீட்ல ஏதும் பிரச்சனையா'ன்னு ஒரு தடவையாச்சும் கேட்டியா?"

"கேக்கல பாய்."

"ஏன் கேக்கல?"

"நீங்க ஏதாச்சும் சொல்லிடுவீங்கன்னு பயந்துதான்."

அவர் இந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. மனைவியைத் திரும்பிப் பார்த்தார். ஆமினா முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டார். சிரிப்பா கோபமா என்று உஷாராணிக்குத் தெரியவில்லை. பிறகு ஆமினாதான் எழுந்து, வந்து பாரும்மா என்று பின் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அந்த அறையில் கட்டிலும் அலமாரியும் நடுவுக்கு இழுத்துப் போடப்பட்டிருந்தன. பின்சுவர் இடுப்பு உயரத்துக்குக் கறுத்திருந்தது. சுண்ணாம்பு செதில் செதிலாக உரிந்து தரையில் கிடந்தது. தொழுகைக்கு ஒதுக்கியிருந்த இடம் இதுதான், வாடை தாங்காமல் கூடத்துக்கு மாற்றிவிட்டேன் என்று ஆமினா சொன்னார். இரண்டு முறை சாயம் அடித்தும் அடுத்த மழைக்குத் தங்கவில்லையாம்.

எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்று உஷாராணி கேட்டாள். வாயால் சொன்னால் புரியாது என்றார் அபுபக்கர். அக்டோபர் மாதம். கடற்கரைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. இன்னும் அரை மணியில் தெரியும், இருந்து பார் என்றார். புஞ்சாக் ஆலாமில் நாலு மணிக்கு அவளுக்கு வேறொரு வேலை இருந்தது. வாசலுக்குப் போய் அதைத் தள்ளி வைத்துவிட்டு வந்தாள்.

மூன்றேகாலுக்கு மழை பிடித்தது. பின்கதவைத் திறந்து, ஒரு பெரிய குடையை அவள் கையில் கொடுத்தார் அபுபக்கர். துளசியின் சமையலறைத் தகரக் கூரை முழுக்க இந்தப் பக்கமாகச் சரிந்திருந்தது. அதன் விளிம்பு எல்லைச் சுவரையும் தாண்டி இரண்டடி நீட்டிக்கொண்டிருந்தது. அத்தனை தண்ணீரும் அகலமான ஒரே தாரையாக இவர் வீட்டுப் பின்முற்றத்தில் கொட்டி, சிமெண்டுத் தரையில் அடித்து, நேரே பின் அறைச் சுவரில் தெறித்தது. முற்றத்து ஓரக் கால்வாயான லோங்காங் ஐந்து நிமிடத்தில் நிரம்பி வழிந்தது. உஷாராணியின் காலணியும் புடவைக் கரையும் நனைந்தன. அவள் நகரவில்லை. பையிலிருந்த அளவு நாடாவை எடுத்து, குடையை அபுபக்கரிடம் கொடுத்துவிட்டு, சுவருக்கும் கூரை விளிம்புக்கும் உள்ள தூரத்தை அளந்தாள். தொலைபேசியில் காணொளியும் எடுத்தாள்.

உள்ளே வந்ததும் ஆமினா துண்டு கொடுத்தார். இந்தத் தண்ணீர் நின்றால் கையெழுத்துப் போடுவீர்களா என்று உஷாராணி கேட்டாள்.

"தண்ணி நிக்கட்டும். அடுத்த மழையில நான் வந்து பாப்பேன். அப்புறம் போடுறேன்," என்றார் அபுபக்கர்.

"கவுன்சில்ல இருபத்தெட்டு நாள்தான் இருக்கு பாய்."

"அப்ப சீக்கிரம் வேலைய ஆரம்பி."

ராஜு என்பவர் கிள்ளானில் பிளான் போடுகிறவர். உஷாராணி கூப்பிட்ட இரண்டாம் நாளே வந்து அளந்தார். அவர் சொன்னது தெளிவாக இருந்தது. பாய் வீட்டுப் பக்கமிருக்கும் சுவரை இரண்டடி உள்ளே இழுக்க வேண்டும். கூரையைக் கழற்றி, சரிவைப் பின்சந்துப் பக்கம் திருப்ப வேண்டும். விளிம்பில் தண்ணீரை வாங்கிக் குழாய்க்கு விடுகிற தகரக் கட்டர் வைத்து, துளசி வீட்டு லோங்காங்கிலேயே விட வேண்டும். மொத்தம் ஐந்து நாள் வேலை. சமையலறை கொஞ்சம் ஒடுங்கும். மூன்று அடுப்பும் நிற்கும், ஆனால் மேசையைச் சிறிதாக்க வேண்டியிருக்கும்.

துளசி உடனே தலையாட்டினாள். புனிதன் ஆட்டவில்லை. அன்று சாயங்காலம் லோரியை வீட்டருகே நிறுத்திவிட்டு வந்தவன், கை கால் கூடக் கழுவாமல் நின்றபடி கேட்டான். குரல் உயரவில்லை, உயராததுதான் உஷாராணிக்குக் கஷ்டமாக இருந்தது. லயத்தில் இருந்தவரை ஆணி அடிக்கக்கூடத் தோட்டத்து ஆபீஸைக் கேட்க வேண்டியிருந்தது, சொந்த வீடு என்று வாங்கியதே யாரையும் கேட்காமல் இருக்கத்தான் என்றான். இப்போது தன் சுவரைத் தானே இடிக்க வேண்டும், அதற்குப் பக்கத்து வீட்டுக்காரர் தயவு வேண்டும் என்றால் இது யார் வீடு என்று கேட்டான். அந்தக் கிழவர் முதல் நாளிலிருந்தே தங்களை முறைத்துக்கொண்டுதான் நிற்கிறார் என்றும் சொன்னான்.

உஷாராணி மழை காணொளியை அவன் கையில் கொடுத்தாள். அவன் பார்த்தான். தகரத்திலிருந்து கொட்டுவதும், சுவரில் தெறிப்பதும், பிறகு உள்ளே அந்தக் கறுத்த அறையும். மறுபடி முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தான்.

"இது நம்ம கூரையா?" என்றான் மெதுவாக.

"உங்க கூரைதான். ஆனா இத உங்ககிட்ட யாரும் சொல்லல. நான் சொல்லியிருக்கணும். அந்த அனுமதி மெசேஜ் நான் விசாரிக்காம போட்டது புனிதன். தப்பு என்னுது. பிளான் போடுற செலவும் கூரை வேலையும் நான் பாத்துக்குறேன். சுவர நீங்க பாத்துக்குங்க. அஞ்சு நாள்ல முடிச்சுடலாம்."

அவன் தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தான். ஏஜெண்டு ஒருவர் தன் தப்பு என்று சொல்லி அவன் கேட்டதில்லை போல. துளசியைப் பார்த்தான். பிறகு கையைக் கழுவிவிட்டு, மேல்சட்டையை மாற்றிக்கொண்டு, பாய் வீட்டுக்கு நடந்தான். உஷாராணி கூடப் போக எழுந்தாள். துளசி அவள் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். இருபது நிமிடம் கழித்துத் திரும்பி வந்தவன், அந்த அறைச் சுவரைத் தானே வந்து சுரண்டிச் சாயம் அடித்துக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னான்.

மிச்சமிருந்தது சமையல். ஐந்து நாள் அடுப்பு இல்லையென்றால் தொழிற்சாலைக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துவிடுவார்கள். உஷாராணி தெரிந்த இரண்டு கடைகளைக் கேட்டுப் பார்த்தாள்; ஒன்றும் ஒத்துவரவில்லை. கோயில் மண்டபத்து அடுப்பைக் கேட்கலாமா என்று அவளும் துளசியும் கேட் அருகே நின்று பேசிக்கொண்டிருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஆமினா தலையை நீட்டினார்.

"கோழி எங்க வாங்குறே?" என்று துளசியைக் கேட்டார்.

பாசாரில் ஹாஜி கடையில் என்றாள் துளசி. தொழிற்சாலையில் தின்பவர்களில் பாதிப் பேர் மலாய்க்காரர்கள், ஹலால் இல்லாத கோழியை வாங்க முடியாது.

"அப்ப சரி. எங்க வீட்டுப் பின்னால பெரிய அடுப்பு ரெண்டு சும்மாதான் கெடக்கு, கடையிலேருந்து கொண்டாந்தது. சட்டியெல்லாம் என்னோடத எடுத்துக்க. உன்னோடது வேணாம்."

துளசி உஷாராணியைப் பார்த்தாள். இது உஷாராணி முடிவெடுக்கிற இடமில்லை. துளசியே ஆமினாவிடம் சரி என்றாள்.

திங்கட்கிழமை கூரையைக் கழற்றினார்கள். அந்த ஐந்து நாளும் உஷாராணி காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை வந்தாள். காலையில் வரும்போது பாய் வீட்டுப் பின்முற்றத்தில் துளசி சம்பல் கிண்டிக்கொண்டிருப்பாள். ஆமினா முக்காலியில் உட்கார்ந்து நெத்திலி கிள்ளிக்கொண்டிருப்பார். சம்பலில் புளி போதாது என்று முதல் நாள் சொன்னார். இரண்டாம் நாள் துளசி கூட்டிப் போட்டாள், அதிகம் என்றார். மூன்றாம் நாள் அபுபக்கர் ஒரு கரண்டி எடுத்து நக்கிப் பார்த்துவிட்டு, முதல் நாள் போட்டதுதான் சரி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு கணவன் மனைவி இரண்டு பேரும் அரைநாள் பேசவில்லை என்று துளசி சிரித்துக்கொண்டே சொன்னாள்.

புதன்கிழமை ஒரு சிக்கல். சுவரை இடித்தபோது, அடியில் பழைய சொந்தக்காரர் போட்டிருந்த கழிவுநீர்க் குழாய் கவுன்சில் குழாயோடு சேராமல், நேரே மண்ணுக்குள் விடப்பட்டிருந்தது தெரிந்தது. வேலைக்காரர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு நின்றார்கள். பாய் வீட்டுச் சுவர் ஈரத்துக்கு மழை மட்டும் காரணமில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. வேலைக்கு லீவு போட்டிருந்த புனிதன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்தக் குழியையே பார்த்துக்கொண்டு நின்றான். உஷாராணி ராஜுவைக் கூப்பிட்டாள். அவர் அன்றே வந்து பிளானில் குழாய்க்கான ஒரு கோடும் சேர்த்தார். குழாய் வேலைக்கு இரண்டு ஆட்களை அனுப்பி வைத்தது கணேஸ்வரன். உஷாராணி கேட்கவில்லை. தொலைபேசியில் அவளிடம் விஷயத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர், தனக்குத் தெரிந்த ஒருவர் தஞ்சோங் காராங்கில் இருக்கிறார், நாளைக் காலையில் வருவார் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஐந்து நாள் ஆறு நாளானது. ஏழாம் நாள் மழை இல்லை. எட்டாம் நாளும் இல்லை. அபுபக்கர் சொன்ன சொல்லில் நின்றார். மழையைப் பார்க்காமல் பேனாவைத் தொட மாட்டேன் என்றார். உஷாராணி காலையில் எழுந்ததும் வானத்தைப் பார்த்தாள். கவுன்சில் தவணையில் ஒன்பது நாள் மிச்சமிருந்தது. குழாயால் தண்ணீர் அடித்துக் காட்டலாமா என்று புனிதன் கேட்டான். அதெல்லாம் மழை ஆகாது என்றார் பாய்.

பத்தாம் நாள் மதியம் கொட்டியது. துளசி அழைத்த நேரம் உஷாராணி பாதி வழியில் இருந்தாள். அவள் போய்ச் சேர்ந்தபோது நால்வரும் பாய் வீட்டுப் பின்கதவுக்குள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். தகரத்தில் விழுந்த மழை பின்சந்துப் பக்கம் ஓடி, கட்டரில் விழுந்து, குழாய் வழியாக இறங்கியது. பாய் வீட்டு முற்றத்தில் வானத்திலிருந்து நேராக விழுகிற மழை மட்டும்தான் விழுந்தது. அபுபக்கர் காலணி போட்டுக்கொண்டு முற்றத்துக்குப் போய், சுவரைத் தடவிப் பார்த்தார். லோங்காங்கை எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து, தலை நனைந்திருக்க, பேனா எங்கே என்றார்.

கையெழுத்துப் போடும் முன் விண்ணப்பத்தை வரி விடாமல் படித்தார். இரண்டு இடத்தில் கேள்வி கேட்டார். போட்டு முடித்ததும், புகாரைத் திருப்பி வாங்கிக்கொள்ளத் தனியாக ஒரு கடிதமும் எழுதி வைத்திருப்பதாகச் சொல்லி, சட்டைப் பையிலிருந்து எடுத்து உஷாராணியிடம் கொடுத்தார். தேதி மட்டும் காலியாக விட்டிருந்தார். இப்போது அதையும் எழுதினார்.

அனுமதி வர மூன்று மாதம் ஆனது. இடையில் ஒரு முறை அளவு சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ராஜு திருத்திக் கொடுத்தார். கடிதம் வந்த நாள் உஷாராணி அதன் ஒரு பிரதியைத் தன் கோப்பில் வைத்தாள். கணேஸ்வரன் வாங்கிப் பார்த்தார், முத்திரையைப் பெருவிரலால் தடவினார், நல்லது என்றார். ஆன செலவில் பாதியைத்தான் அடுத்த கமிஷனில் பிடித்தார்.

ஆனால் உஷாராணிக்கு ஒன்று உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. பன்னிரண்டு வருடத்தில் அவள் சாவி கொடுத்த வீடுகள் இருநூற்றுப் பத்து. அவற்றில் எத்தனைக்கு இப்படி விசாரிக்காமல் கட்டைவிரல் படம் அனுப்பியிருக்கிறாள்? துளசி கூப்பிட்டதால் இது தெரிந்தது. கூப்பிடாதவர்கள் எத்தனை பேர்? தன் வேலையில் தான் கெட்டிக்காரி என்ற நம்பிக்கை அவளுக்கு எப்போதும் உண்டு. அந்த நம்பிக்கை குறையவில்லை. அதனால்தான் அந்த எண்ணிக்கை அவளைச் சும்மா விடவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை அலுவலகத்தில் உட்கார்ந்து பழைய பட்டியலை எடுத்துக் கூப்பிட ஆரம்பித்தாள். வீடு எப்படி இருக்கிறது, என்ன சிரமம் என்று கேட்டாள். சிலர் எண்ணையே மாற்றியிருந்தார்கள். சிலர் அவளை மறந்திருந்தார்கள். ஒரு பெண், காளியம்மா என்று பெயர், வீடு எல்லாம் நன்றாக இருக்கிறது, மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க முடியுமா என்று கேட்டாள். பெரும்பாலானவர்களுக்குச் சின்னச் சின்னக் குறைகள்தான். யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் வருடக்கணக்கில் வைத்துக்கொண்டிருந்தவை. இரண்டு பேருக்கு மட்டும் குறை பெரிதாக இருந்தது. அதைக் குறித்துக்கொண்டாள்.

பன்னிரண்டாவதாகக் கூப்பிட்டது உடையப்பன் என்பவரை. சுங்கை ஆயர் தாவாரில் நாலு வருடம் முன்னால் ஒரு சிறிய வீடு வாங்கியவர்.

"என்னம்மா, வீட்ட திரும்ப விக்கச் சொல்றியா?" என்றார் எடுத்ததும்.

இல்லை, சும்மா விசாரிக்கத்தான் என்றாள். அவர் நம்பவில்லை. நாலு வருடம் கழித்து எந்த ஏஜெண்டு சும்மா விசாரிக்கக் கூப்பிடுவார் என்று கேட்டார். கொஞ்ச நேரம் இழுத்துவிட்டு, வீட்டு வரிக் கடிதம் இன்னும் பழைய ஆள் பெயரில்தான் வருகிறது, எங்கே போய் மாற்றுவது என்று தெரியாமல் அப்படியே கட்டிக்கொண்டிருக்கிறேன் என்றார். பக்கத்து வீட்டுக்காரர் மாமரம் கூரையில் விழுகிற மாதிரி சாய்ந்திருக்கிறது, அதையும் வந்து பார்த்தால் நல்லது என்றார்.

பக்கத்து வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்று உஷாராணி கேட்டாள். பேசியதே இல்லை என்றார் உடையப்பன்.

மத்தியானத்துக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு அவள் சாவியை எடுத்தாள். படி இறங்கும்போது கணேஸ்வரன் எதிரே வந்தார். எங்கே என்று கேட்டார். சுங்கை ஆயர் தாவாருக்கு என்றாள். அங்கே என்ன வீடு விற்பனைக்கு இருக்கிறது என்றார். விற்பனைக்கு ஒன்றும் இல்லை, ஒரு மாமரத்தைப் பார்க்கப் போகிறேன் என்றாள். அவர் ஒதுங்கி வழிவிட்டார். தாமான் ஸ்ரீ பக்கம் தான் ஆறு வருடம் முன்னால் விற்ற வீடு ஒன்று இருக்கிறது, திரும்பி வரும் வழியில் அதையும் ஒரு எட்டுப் பார்க்க முடியுமா என்று, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

விலாசத்தை அனுப்பச் சொல்லிவிட்டு உஷாராணி வண்டியை எடுத்தாள்.